பேசும் பாதங்கள்

உள்ளத்தில் உவகை பெருகும்பொழுது உடலும் அதனோடு சேர்ந்து அசைகின்றது. அவ்வசைவு தாளத்திற்கு உட்பட்டு ஒழுங்கு பெறும்பொழுது ஆடற்கலை பிறக்கின்றது. ஆடல் இல்லாத நாடு உலகில் இல்லை எனலாம். ஆயினும் ஆடும் முறை நாட்டுக்கு நாடு வேறுபடும். கையால் பொருள் உணர்த்தும் ஆடல் உண்டு. கண்ணால் பேசும் ஆடலும் உண்டு. கையையும் முகத்தையும் அடக்கிவிட்டுக் கால்களை மட்டும் பேசவிடும் ஆடலும் ஒன்று உண்டு. அதுவே அயர்லாந்து நாட்டின் அடியாடல் ஆகும்.

அயர்லாந்தின் சிற்றூர்களில் வளர்ந்த இவ்வாடல், 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெருமேடை ஏறியது. மேடையேறிய சில ஆண்டுகளுக்குள் வீடியோ என்று வழங்கும் ஒளிநாடாவில் பதிந்து, கடல் கடந்த நாடுகளின் இல்லங்களுக்குள்ளும் புகுந்தது. மொழியறியாத மக்களையும் அது கவர்ந்தது எவ்வாறு என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

ஆடலின் இயல்பு

இவ்வாடலை ஆடுவோர் தலை நிமிர்ந்து, மார்பை உயர்த்தி, கைகளை உடலோடு ஒட்டித் தொங்கவிட்டு நிற்பர். இடைக்கு மேலே சிலை போன்ற அமைதி. இடைக்குக் கீழே மின்னல் போன்ற விரைவு. இவ்விரண்டும் ஓருடலில் கூடியிருப்பதே இதன் வியப்பு.

இதற்குரிய காலணிகள் இருவகைப்படும். மென்காலணி அணிந்து ஆடுவோர் தரையில் ஒலி எழாமல் துள்ளி எழுந்து மிதப்பர். வன்காலணி அணிந்து ஆடுவோர் நுனியாலும் குதியாலும் தரையைத் தட்டித் தாளத்தையே படைப்பர். முற்காலத்தில் தோற்காலணியின் அடியில் ஆணிகளை அறைந்து ஒலி எழுப்பினர். இக்காலத்தில் கண்ணாடியிழையால் ஆன கடினமான அடிகளைப் பொருத்துகின்றனர். ஆகவே, வன்காலணி அணிந்தவர் ஆடுநராகவும் முழவு வாசிப்பவராகவும் ஒருங்கே விளங்குகின்றார்.

தாள வகைகளும் பல. 'ஜிக்' என்பது மும்மூன்றாய் நடப்பது. தகிட, தகிட என்று எண்ணினால் அதன் நடை விளங்கும். 'ரீல்' என்பது நந்நான்காய் ஓடுவது. அதனைத் தகதிமி என்று எண்ணலாம். 'ஸ்லிப் ஜிக்' என்பது மூன்று தகிடங்கள் கூடிய ஒன்பது எண்ணிக்கை உடையது. ஓர் அடிக்கோவையை முதலில் வலக்காலால் தொடங்கி ஆடுவர். பின்னர் அதனையே இடக்காலால் தொடங்கி ஆடுவர். ஒரு காலின் திறமை மறுகாலின் குறையை மறைக்க இங்கு இடமில்லை.

ஊர்தோறும் சென்ற ஆசான்

18ஆம் நூற்றாண்டில் ஆடல் ஆசான்மார் ஊர் ஊராகச் சென்று கற்பித்தனர். ஓர் ஊரில் சில வாரங்கள் தங்குவர். உழவர் வீட்டு அடுக்களையே ஆடற்பள்ளியாகும். மண்தரையில் ஒலி எழாது ஆகையால், கதவைக் கழற்றித் தரையில் இட்டு அதன்மேல் ஆடுவதும் உண்டு. வலம் இடம் அறியாத மாணாக்கருக்கு ஒரு காலில் புல்லையும் மறுகாலில் வைக்கோலையும் கட்டி, அவற்றின் பெயர் சொல்லி அடி பழக்கினர் என்பர்.

1845 முதல் சில ஆண்டுகள் உருளைக்கிழங்குப் பயிர் நோயால் அழிந்தது. அதனால் அந்நாட்டைப் பெரும் பஞ்சம் வாட்டியது. ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் மாண்டனர். ஏறத்தாழ அத்துணைப் பேர் நாட்டைவிட்டு வெளியேறினர். கையில் பொருளின்றிக் கப்பல் ஏறியவர்களும் காலில் தம் ஆடலைக் கொண்டு சென்றனர். நியூயார்க், சிகாகோ முதலிய நகரங்களில் அவர்தம் வழித்தோன்றல்கள் அதனைப் போற்றி வளர்த்தனர். தாய்நாட்டிலும் 1893இல் தோன்றிய கேலிக் கழகம் ஐரிய மொழியோடு ஆடலையும் பேணியது. ஆயினும் 20ஆம் நூற்றாண்டில் இக்கலை பெரும்பாலும் போட்டி மன்றங்களுக்குள்ளேயே அடங்கிக் கிடந்தது. போட்டிகளில் ஆடும் பருவம் முடிந்தால், ஆசிரியராவது அன்றி நடுவராவது தவிர ஆடுநருக்கு வேறு வழி அரிதாயிற்று.

ஏழு நிமிட ஆடல்

1994ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் டப்ளின் நகரில் பாயிண்ட் அரங்கில் யூரோவிஷன் பாட்டுப் போட்டி நிகழ்ந்தது. பாடல்கள் முடிந்து மதிப்பெண் அறிவிக்கும் வரையிலான இடைவேளையை நிரப்ப ஏழு நிமிட அளவில் ஓர் ஆடல் அமைக்கப்பெற்றது. அதன் பெயர் 'ரிவர்டான்ஸ்'; 'ஆற்று நடனம்' என்பது பொருள். மோயா டோஹர்ட்டி என்னும் அம்மையார் அதனை உருவாக்க முனைந்தார். பில் வீலன் என்பார் இசை அமைத்தார்.

முதலில் 'அனூனா' என்னும் பாடற்குழுவினரின் மெல்லிய குரல் எழுந்தது. ஜீன் பட்லர் என்னும் நங்கை மென்காலணியில் மிதந்து வந்தார். முழவுகள் அதிர்ந்தன, மைக்கேல் பிளாட்லி என்பார் கைகளை விரித்துக்கொண்டு மேடையில் பாய்ந்தார். இறுதியில் ஆடுநர் பலர் ஒரே வரிசையில் நின்று ஒரே ஒலியாகத் தரையைத் தட்டினர். ஆடல் முடிந்தவுடன் அவையோர் எழுந்து நின்று ஆரவாரம் செய்தனர். தலைமை ஆடுநர் இருவரும் அமெரிக்காவிற் பிறந்தவர்கள் என்பது கருதத் தக்கது. நாடு நீங்கிச் சென்ற மக்களின் வழிவந்தோர், தம் முன்னோர் கலையைத் தாய்நாட்டின் மேடையிலேயே ஆடிக் காட்டினர்.

அவ்வேழு நிமிடம் முழுநேர நிகழ்ச்சியாக விரிந்து, 1995 பிப்ரவரி 9ஆம் நாள் அதே அரங்கில் அரங்கேறியது. பின்னர்ப் பிளாட்லி அக்குழுவினின்றும் பிரிந்து, 1996இல் 'லார்ட் ஆஃப் தி டான்ஸ்' என்னும் நிகழ்ச்சியை நிறுவினார்.

இல்லம் புகுந்த மேடை

இந்நிகழ்ச்சிகள் ஒளிநாடாக்களாக வெளிவந்து பெருவாரியாக விற்பனையாயின. டப்ளினில் நிகழ்ந்த ரிவர்டான்ஸ் ஒரு நாடாவாகவும், 1996இல் நியூயார்க்கின் ரேடியோ சிட்டி அரங்கில் நிகழ்ந்தது மற்றொரு நாடாவாகவும் வந்தன. 1998இல் லண்டன் ஹைட் பூங்காவின் திறந்தவெளியில் பிளாட்லி நடத்திய 'ஃபீட் ஆஃப் ஃபிளேம்ஸ்' என்பதும் அவ்வாறே வெளிவந்தது.

பேரரங்கின் கடைசி வரிசையில் இருப்பவர் ஆடுநரின் பாதத்தை நன்கு காண இயலாது. பாதமே பேசும் ஆடலில் அது பெருங்குறை அன்றோ? ஒளிநாடாவோ பாதத்தைக் கண்ணருகே கொண்டுவந்து காட்டியது. தரையைத் தொட்டது நுனியா, குதியா என்று வீட்டிலிருந்தே அறிய முடிந்தது. நேரில் ஒரு நொடியில் மறைந்துவிடும் அடியை, நாடாவைப் பின்னோக்கிச் சுற்றி மீண்டும் காணவும் முடிந்தது.

நியூயார்க் நிகழ்ச்சியில் இனிய காட்சி ஒன்று உண்டு. ஐரிய ஆடுநரும், கறுப்பின அமெரிக்கரின் தட்டாடல் ஆடுநரும் எதிரெதிரே நின்று போட்டியிடுகின்றனர். முன்னவர் நிமிர்ந்து விறைத்து நிற்கின்றனர். பின்னவர் தோளும் கையும் தளர அசைந்தாடுகின்றனர். ஒருவர் அடித்த தாளத்தை மற்றவர் நகைச்சுவையோடு திருப்பி அடிக்கின்றார். முடிவில் இரு மரபும் இணைகின்றன. சொல் ஒன்றும் இல்லாமலே சினமும் கேலியும் நட்பும் விளங்கிவிடுகின்றன. மொழியறியாதவரும் இவ்வாடலில் மகிழ்ந்ததற்கு இதுவே காரணம்.

பழமையும் புதுமையும்

மரபைப் போற்றியவர் சிலர் இப்புதுமையை விரும்பினர் அல்லர். கைகளை விரிப்பது முறையன்று என்றனர். ஒளியும் ஆரவாரமும் மிகுந்தன என்றனர். அவர்கள் கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. சிற்றூர் அடுக்களையில் கண்ட எளிமை பெருமேடையில் குறைந்தது. எனினும் கையும் உடையும் இசையும் மாறியபோதும் காலின் கட்டுப்பாடு மாறவில்லை. ஆசான்மார் வழிவழியாக வளர்த்த அடிமுறையே புதிய ஆடலுக்கும் அடித்தளமாய் நின்றது. ஆடுவோர்க்குத் தொழிலும் வாழ்வும் கிடைத்தன. ஐரியக் குருதித் தொடர்பே இல்லாத நாட்டுச் சிறுவரும் ஆடற்பள்ளிகளை நாடினர். 1970 முதல் அயர்லாந்திலேயே நடந்து வந்த உலகப் போட்டி, 2002இல் முதன்முறையாக அந்நாட்டிற்கு வெளியே கிளாஸ்கோ நகரில் நடைபெற்றது.

காண்பதும் கற்பதும்

ஒளிநாடாவிற்கும் எல்லை உண்டு. ஆடுநரின் பாதத்தைக் காண விழையும் நேரத்தில் படக்கருவி முகத்தைக் காட்டிவிடும். வரிசை முழுதும் ஒன்றாய் இயங்கும் அழகைத் துண்டு துண்டாக்கிவிடும். நூறு கால்கள் தட்டும்பொழுது தரை வழியே உடலில் ஏறும் அதிர்வை எந்த நாடாவும் தர இயலாது. நாடாவைப் பார்த்து அடியைப் போலச் செய்யலாம். தவறிய அடியைத் திருத்த ஆசிரியரே வேண்டும். திரையில் எளிதாய்த் தோன்றும் ஒரு துள்ளலுக்குப் பின்னே பல ஆண்டுப் பயிற்சி இருக்கின்றது.

ஒளிநாடாவின் காலம் இன்று முடிந்துவிட்டது. நாடா இயக்கும் கருவியைக் கடைசியாகச் செய்து வந்த ஜப்பானிய நிறுவனமும் 2016இல் அத்தொழிலை நிறுத்தியது. ரிவர்டான்ஸோ, தன் 25ஆம் ஆண்டு நிறைவை முன்னிட்டு 2020 பிப்ரவரியில் அதே டப்ளின் நகரில் மீண்டும் படமாக்கப்பெற்றது. நாடா போயினும் ஆடல் நிலைத்தது. நாடா செய்த நன்மை ஒன்றே. அது பல நாட்டு இல்லங்களில் ஆர்வம் என்னும் விதையைத் தூவிற்று. அவ்விதையைப் பயிராக்கியவர்கள், திரையின்முன் அமர்ந்து கண்டதோடு நில்லாமல், எழுந்து நின்று முதல் அடியை எடுத்து வைத்த சிறுவர் சிறுமியரே ஆவர்.

பயிற்சி வினாக்கள்

1. ஐரிய அடியாடலின் இயல்புகள் யாவை?
2. ஆடல் ஆசான்மார் சிற்றூர்களில் எவ்வாறு கற்பித்தனர்?
3. 1994ஆம் ஆண்டு ஏழு நிமிட ஆடலால் விளைந்த பயன்களைத் தொகுத்து எழுதுக.
4. 'கலையைக் காண்பது வேறு. கற்பது வேறு' - இக்கருத்தைப் பாடத்தின் வழி நிறுவுக.