கடிக்கத் தெரியாத 'கொசு'



மாலையில் விளையாட்டுத் திடலில் நிற்கும்போது, தலைக்கு மேலே புகைபோலச் சுழலும் சிறு பூச்சிக் கூட்டத்தை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். நாம் நகர்ந்தால் அதுவும் நகரும். "ஐயோ, கொசு!" என்று முகத்தை மூடிக்கொண்டு ஓடுவோம். ஆனால் குளம், குட்டை, தொட்டிகளின் அருகே இப்படிச் சுழல்பவை பெரும்பாலும் கொசுக்கள் அல்ல. பார்வைக்குக் கொசுவைப் போலவே இருந்தும் கடிக்கத் தெரியாத வேறொரு குடும்பம் அது. கைரோனோமிடே என்பது அதன் பெயர். உலகெங்கும் 7,000-க்கும் மேற்பட்ட இனங்கள் இதில் உண்டு. நம் வீடுகளிலோ இதற்கெனத் தனிப்பெயர் இல்லை. கொசுவோடு சேர்ந்து அடிவாங்குவதே இதன் தலைவிதி!

இக்குடும்பம் எங்கள் வகுப்புக்கு அறிமுகமானது ஒரு கலவரத்தில்தான். ஆய்வுக்கூடத்தின் பின்னால் உள்ள அல்லித் தொட்டியில் தோட்டக்காரர் சேற்றை அள்ளியபோது, இரத்தச் சிவப்பில் நூல் போன்ற புழுக்கள் நெளிந்தன. அடுத்த மணி அடிப்பதற்குள் 'இரத்தம் குடிக்கும் புழு' என்ற செய்தி ஆறாம் வகுப்புவரை பரவிவிட்டது. சிறுமிகள் குழாய்த் தண்ணீரைக்கூடக் குடிக்க மறுத்தார்கள். தோட்டக்காரர், "ஒரு பாட்டில் பினாயில் ஊத்தினா எல்லாம் செத்துரும் சிஸ்டர்" என்றார். தொட்டியில் நாங்கள் வளர்த்த கப்பி மீன்கள் இருந்தன. அவையும் சேர்ந்தல்லவா செத்துவிடும்! எங்கள் உயிரியல் சிஸ்டர், "முதலில் பார்ப்போம், பிறகு தீர்ப்புச் சொல்வோம்" என்றார்கள். சேறும் நீருமாகப் புழுக்களை ஒரு கண்ணாடிச் சாடியில் இட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டி, வகுப்பில் வைத்தோம். தொட்டி நீரைத் துணியில் வடிகட்டும்போது, கொசுவை வடிகட்டுவது பற்றி ஆண்டவர் பரிசேயரிடம் சொன்னது நினைவுக்கு வந்து எல்லோரும் சிரித்துவிட்டோம்.

மறுநாள் புழுக்களைக் காணோம்! சாடியின் அடியில் சிறுசிறு மண் குழாய்கள் மட்டும் தெரிந்தன. இப்புழு தன் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து பட்டு நூலைச் சுரந்து, சேற்றுத் துகள்களை ஒட்டித் தனக்கொரு குழாய் கட்டிக்கொள்கிறது. உள்ளே இருந்தபடியே உடலை அலைபோல ஆட்டுகிறது. அந்த அசைவில் புதுநீர் குழாய்க்குள் பாய்ந்து, சுவாசிக்க ஆக்ஸிஜனைத் தருகிறது. மக்கிய இலைத் துகளும் பாசியும் நுண்ணுயிர்களுமே இதன் உணவு. கொசுப்புழுவைப்போல மூச்சு விட நீரின் மேற்பரப்புக்கு வரவேண்டியதில்லை.

அப்படியானால் அந்தச் சிவப்பு? நம் இரத்தத்தில் உள்ளது போன்ற ஹீமோகுளோபின்தான். நமக்கு அது சிவப்பணுக்களுக்குள் அடைபட்டிருக்கிறது. இப்புழுவுக்கோ இரத்தத்தில் நேரடியாகக் கரைந்திருக்கிறது. அடிச்சேற்றில் ஆக்ஸிஜன் மிகக் குறைவு. கிடைக்கும் சிறிதளவையும் இந்த ஹீமோகுளோபின் பற்றிக்கொள்வதால், மற்ற பூச்சிகள் மடியும் இடத்திலும் இது பிழைத்திருக்கிறது. ஆக, அது யாரிடமும் குடித்த இரத்தமன்று, அதன் சொந்த இரத்தம்!

இக்குடும்பத்தின் எல்லாப் புழுக்களும் சிவப்பல்ல. தெளிந்து ஓடும் ஓடைகளில் வெளிர் பச்சை, வெள்ளை நிறப் புழுக்களும் வாழ்கின்றன. ஜெர்மனியைச் சேர்ந்த ஆகஸ்ட் தீனமன் என்ற அறிஞர், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அடிச்சேற்றில் எந்த இனப் புழு வாழ்கிறது என்பதைக் கொண்டே ஏரிகளை வகைப்படுத்தினார். சிவப்புப் புழு மட்டும் மலிந்திருந்தால், அழுகும் பொருள் மிகுந்து ஆக்ஸிஜன் குறைந்துவிட்டது என்று பொருள். எங்கள் தொட்டியிலும் கதை அதுவே: மாமர இலைகள் விழுந்து மக்கிக் கிடந்தன. வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் இப்புழுவைக் கண்டால் பெற்றோர் அஞ்ச வேண்டாம். அது நம்மைக் கடிக்காது. ஆனால் தொட்டியில் வண்டல் படிந்திருக்கிறது, மூடி சரியாக இல்லை என்று அது காட்டிக்கொடுக்கிறது. தொட்டியைத் தேய்த்துக் கழுவி, இடுக்கின்றி மூடினால் போதும்.

மீன், தவளை, தும்பியின் குஞ்சு, தகைவிலான் குருவி என்று இப்பூச்சியை நம்பி வாழும் உயிர்கள் ஏராளம். ஐஸ்லாந்தில் மீவாட்ன் என்றொரு ஏரி உண்டு. அப்பெயருக்கே 'இப்பூச்சிகளின் ஏரி' என்பதுதான் பொருள். அங்கே கரையில் விழுந்து மடியும் பூச்சிகள் புல்லுக்கு உரமாகின்றன. அண்டார்க்டிகாவுக்கு மட்டுமே உரிய ஒரு பூச்சியும் இக்குடும்பத்ததே. அதற்குச் சிறகு கிடையாது. ஆப்பிரிக்காவின் பாறைக் குழிகளில் வாழும் இன்னொரு இனத்தின் புழு, நீர் வற்றினால் தானும் சருகாகிவிடும். மழை பெய்தால் மீண்டும் நெளியும். 17 ஆண்டுகள் உலர்ந்து கிடந்தவையும் நீர் பட்டதும் உயிர்பெற்றிருக்கின்றன! பட்டு சுரக்கும் அந்த உமிழ்நீர்ச் சுரப்பியில்தான் பால்பியானி 1881-இல் இராட்சதக் குரோமோசோம்களைக் கண்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

குற்றமே அற்றது என்று வாதாட மாட்டோம். சூடானில் நைல் நதிக்கரையில் திரளாக எழும் ஓர் இனத்தின் தூள் மூச்சில் கலந்து, பலருக்கு ஆஸ்துமா வந்ததுண்டு. ஆஸ்திரேலியாவில் ஓர் இனம் நெல் நாற்றுகளைக் கெடுக்கிறது.

எங்கள் சாடியில் ஒன்பதாம் நாள் கூட்டுப்புழுக்கள் மேலே மிதந்து வந்தன. தோல் பிளந்து, மெல்லிய பூச்சிகள் வெளிவந்தன. உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தோம். கொசுவுக்குள்ள நீண்ட உறிஞ்சுகுழல் இல்லை. கொசு அமரும்போது பின்கால்களைத் தூக்கும். இவை முன்கால்களைத் தூக்கின. ஆண்பூச்சியின் உணர்கொம்புகள் இறகுபோல அடர்ந்திருந்தன. பெண்ணின் சிறகொலியைக் கேட்க அவையே செவி. மாலையில் சுழலும் கூட்டம் பெரும்பாலும் ஆண்களே. அங்கே பெண்பூச்சி தேடி வரும். சில நாட்களே வாழ்வு. பிறகு நீரில் கூழ்போன்ற பையில் நூற்றுக்கணக்கான முட்டைகளை இட்டு மடியும்.

பினாயில் பாட்டில் அலமாரிக்குத் திரும்பியது. தோட்டக்காரர் மக்கிய இலைகளை மட்டும் அள்ளினார். கப்பி மீன்கள் சேற்றைக் கிளறித் தின்றுகொண்டிருந்தன. எனினும் ஆறாம் வகுப்புச் சிறுமிகள் எங்களை நம்பவில்லை. சிஸ்டரின் அனுமதியோடு எங்களுள் ஒருத்தி துணியை விலக்கிச் சாடிக்குள் கையை விட்டாள். பத்து நிமிடம் எல்லோரும் மூச்சுவிடாமல் பார்த்தோம். ஒரு பூச்சி வந்து அவள் மணிக்கட்டில் அமர்ந்தது. "கூசுகிறது" என்றாள் அவள்.