மின்கம்பி எட்டாத வீட்டில் விளக்கேற்றுவது எப்படி?

சிங்கப்பூரில் மின்கம்பி போய்ச் சேராத வீடு உண்டா? இந்தக் கேள்வியை நம் சங்கக் கூட்டம் ஒன்றில் கேட்டபோது இளைய மாணவர்கள் சிரித்தார்கள். சிரிப்பதில் தவறில்லை. வீவக அடுக்குமாடியில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மின்சாரம் என்பது சுவரிலிருந்து வருவது. ஆனால் சாங்கி முனைப் படகுத்துறையில் பம்போட் ஏறினால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் இறங்கும் புலாவ் உபினுக்குத் தலைநிலத்தின் மின்கட்டமைப்பு இன்றுவரை நீளவில்லை. அங்கு வாழும் சில குடும்பங்களுக்காகக் கடலடியில் கம்பி போடுவது கட்டுப்படியாகாது என்பதே காரணம். ஆகவே அத்தீவினர் பல்லாண்டுகளாக வீட்டுக்கு வீடு, கடைக்குக் கடை டீசல் ஜெனரேட்டர் வைத்தே காலம் தள்ளினார்கள்.

நான் மின்பொறியியல் படித்தவன். ஆண்டுதோறும் நம் மாணவர்கள் விடுமுறையில் வெளிநாட்டுக் கிராமங்களுக்குச் சமூகசேவைக்குச் செல்வதையும், அவர்களில் சிலர் சூரியசக்தி விளக்கு பொருத்திவிட்டு வருவதையும் அறிவேன். அவர்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில்தான் இக்கட்டுரையை எழுதுகிறேன். கணக்குகள் வரும், அஞ்ச வேண்டாம். எல்லாம் பெருக்கல், வகுத்தல் மட்டுமே.

முதலில் டீசலைப் பார்ப்போம். ஜெனரேட்டர் வாங்கும்போது வீட்டின் உச்சத் தேவைக்கு ஏற்ற அளவில் வாங்குகிறோம். ஆனால் இரவு இரண்டு மணிக்கு ஒரு மின்விசிறியும் ஒரு விளக்கும்தான் எரியும். அந்தச் சிறு தேவைக்கும் முழு இயந்திரமும் ஓடியாக வேண்டும். ஓடினால் எரிபொருள் வீண், நிறுத்தினால் குளிர்சாதனப் பெட்டியிலுள்ள மீன் வீண். இதோடு டீசலைப் படகில் ஏற்றி வரும் செலவு, புகை, இரைச்சல், பழுதுபார்ப்பு எல்லாம் சேரும். இதற்கு மாற்றாகத்தான் எரிசக்திச் சந்தை ஆணையம் 2013 அக்டோபரில் உபின் படகுத்துறைப் பகுதியில் ஒரு சிறு மின்கட்டமைப்பைச் சோதனை முயற்சியாகத் தொடங்கியது. சூரியத் தகடுகளும் பயோடீசல் ஜெனரேட்டர்களும் சேர்ந்து ஏறத்தாழ 30 வீடுகளுக்கும் கடைகளுக்கும் மின்சாரம் கொடுத்தன. சொந்த ஜெனரேட்டரில் ஒரு யூனிட்டுக்குக் குறைந்தது 1 வெள்ளி 20 காசு ஆகிக்கொண்டிருந்த இடத்தில், தொடக்கத்தில் 80 காசுக்குக் கிடைத்தது. யூனிட் என்றால் ஒரு கிலோவாட் மணி. நம் தாத்தா பாட்டி வீட்டு மின் அட்டையில் எழுதியிருக்குமே, அதே யூனிட்தான்.

இந்த 80 காசு நமக்கு அதிகமாகத் தோன்றலாம். தலைநிலத்தில் அதற்குப் பாதிக்கும் குறைவாகவே கொடுக்கிறோம். ஆனால் உபின்வாசி ஒப்பிட வேண்டியது நம் கட்டணத்தோடு அல்ல, தன் டீசல் செலவோடு. தனித்து நிற்கும் மின்சாரம் பற்றிய பேச்சுகளில் இந்த ஒப்பீட்டைத்தான் பலரும் கோட்டைவிடுகிறார்கள். கட்டமைப்பு இருக்கும் இடத்தில் பேட்டரி வைத்துத் தனித்து வாழ்வது பெரும்பாலும் நட்டம். இல்லாத இடத்தில் அதுவே இலாபம்.

இத்தகைய இடங்களில் சூரியசக்தி புதிதும் அல்ல. சிங்கப்பூருக்குக் கிழக்கே 40 கிலோமீட்டருக்கும் அப்பால், பெட்ரா பிராங்கா பாறைமேல் 1851 முதல் எரியும் ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் 1988லேயே சூரியசக்திக்கு மாறிவிட்டது. கப்பலுக்கு வழிகாட்டும் விளக்கு ஓர் இரவுகூட அணையக்கூடாது. அப்படிப்பட்ட பொறுப்பை அன்றைய விலையுயர்ந்த தகடுகளிடமும் பேட்டரியிடமும் ஒப்படைத்தார்கள் என்றால், அங்கும் கணக்கு அப்படி வந்திருக்கிறது: நடுக்கடலுக்கு எரிபொருளும் ஆளும் அனுப்புவதைவிட இது மலிவு.

சரி, ஒரு வீட்டுக்கு எவ்வளவு வேண்டும்?

நம்மில் பலருக்குப் பாதி விடை முன்பே தெரியும். தமிழ்நாட்டில் கடும் மின்வெட்டு நிலவிய 2012ஆம் ஆண்டுவாக்கில் ஊருக்குப் போனவர்கள், கூடத்து மூலையில் இன்வெர்ட்டரும் அதன்கீழ் பெரிய பேட்டரியும் இருந்ததைப் பார்த்திருப்பீர்கள். மின்சாரம் இருக்கும்போது பேட்டரி நிறையும், போனதும் அது இரண்டு விசிறியையும் நான்கு விளக்கையும் ஓட்டும். அதே அமைப்பில் கட்டமைப்புக்குப் பதிலாகக் கூரைமேல் தகடு வைத்து, தகட்டுக்கும் பேட்டரிக்கும் இடையே சார்ஜ் கன்ட்ரோலர் என்ற காவல்காரனை நிறுத்தினால் தனித்து நிற்கும் வீடு தயார். சிராங்கூன் சாலையிலிருந்து நடக்கும் தூரத்தில் உள்ள சிம் லிம் டவரில் மின்னணுப் பாகங்களுக்காக அலைந்த மாணவர்களுக்கு இவை எதுவும் அந்நியமல்ல.

உபின் போன்ற தீவில் மூவர் வாழும் ஒரு சிறு வீட்டை எடுத்துக்கொள்வோம். 9 வாட் எல்.இ.டி. விளக்கு நான்கு, ஐந்து மணி நேரம்: 180 வாட் மணி. 50 வாட் விசிறி இரண்டு, எட்டு மணி நேரம்: 800. சிறிய குளிர்சாதனப் பெட்டி நாள் முழுதும்: சுமார் 700. 60 வாட் தொலைக்காட்சி நான்கு மணி நேரம்: 240. கைத்தொலைபேசிகளுக்கு 30. கூட்டினால் 1,950, அதாவது நாளைக்கு ஏறத்தாழ 2 யூனிட். நான்கறை வீவக வீடு ஒன்று மாதத்துக்குச் சராசரியாக 350 யூனிட்டுக்கு மேல், நாளைக்கு 12 யூனிட் அளவில் செலவிடுகிறது என்பதை இத்துடன் வைத்துப் பாருங்கள். வேறுபாட்டில் பெரும்பகுதி குளிரூட்டியும் தண்ணீர்ச் சூடேற்றியும்தான். படுக்கையறைக் குளிரூட்டி ஒன்று ஓர் இரவில் விழுங்கும் மின்சாரத்தில் நம் தீவு வீடு இரண்டு நாள் நடந்துவிடும்.

தகட்டிலிருந்து விளக்குவரை போகும் வழியில் கம்பி, கன்ட்ரோலர், பேட்டரி, இன்வெர்ட்டர், தகடு சூடாவது எனப் பல இடங்களில் இழப்பு. மொத்தத்தில் 30 விழுக்காடு போய்விடும் என்று வைத்தால், 2 யூனிட் கிடைக்கத் தகடு 2.86 யூனிட் ஆக்க வேண்டும். சிங்கப்பூரில் ஓராண்டில் ஒரு சதுர மீட்டரில் விழும் சூரிய ஆற்றல் ஏறத்தாழ 1,580 யூனிட். இதை 365ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு 4.3 வரும். முழு வெயில் 4.3 மணி நேரம் அடிப்பதற்குச் சமம் என்று இதைப் படிக்க வேண்டும். ஆனால் சராசரியை நம்பி வீடு கட்டக்கூடாது. டிசம்பர் மழையில் சூரியன் முகம் காட்டாத வாரங்கள் உண்டு. அதற்காக 3.5 மணி என்றே கொள்வோம். 2.86ஐ 3.5ஆல் வகுத்தால் 0.82 கிலோவாட். இன்று சந்தையில் கிடைக்கும் 420 வாட் தகடு இரண்டு போதும். ஒரு கதவைவிடச் சற்றுப் பெரிய தகடுகள் இரண்டு, அவ்வளவுதான்! நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் அவற்றை ஏறக்குறையப் படுக்கவே வைக்கலாம். ஆனாலும் பத்துப் பாகை சாய்ப்பது வழக்கம். மழைநீர் வழிந்தோடி அழுக்கைக் கழுவிவிடும்.

நிழல் விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். தொடராக இணைத்த தகடுகளில் ஒன்றின் ஓரத்தில் ஒரு கிளையின் நிழல் விழுந்தாலும் உற்பத்தி சரிந்துவிடும். கம்பத்து வீடுகளோ மரத்தடியில்தான் குளிர்ச்சிக்காகக் கட்டப்பட்டிருக்கும். மரத்தை வெட்டித் தகடு போட்டால் வீடு சூடாகி, மேலும் ஒரு விசிறி ஓட வேண்டிவரும். தகட்டை வெட்டவெளியில் கம்பம் நட்டு வைத்து, கம்பியை நீட்டி இழுப்பதே மேல் என்பது என் கருத்து.

பேட்டரிதான் இந்த அமைப்பின் உயிர். தொடர்ந்து இரண்டு நாள் வானம் மூடியிருந்தாலும் தாங்க வேண்டுமென்றால் 4 யூனிட் கையிருப்பு வேண்டும். வழக்கமான ஈய அமிலப் பேட்டரியைப் பாதிக்குமேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும். ஆகவே 8 யூனிட் கொள்ளளவு வாங்க வேண்டும். 12 வோல்ட், 100 ஆம்பியர் மணிப் பேட்டரி ஒன்றில் 1.2 யூனிட், கணக்குப்படி ஏழு, இரண்டிரண்டாக இணைக்க வசதியாக எட்டு. லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்றால் 80 விழுக்காடுவரை தாராளமாக இறக்கலாம்; 5 யூனிட் போதும். முதலில் விலை கூடுதல்தான். ஆனால் வெப்பமண்டலத்தில் ஈய அமிலம் மூன்று முதல் ஐந்து ஆண்டில் களைத்துவிடும், வாலை வடிநீர் ஊற்ற மறந்தால் அதற்கும் முன்பே. லித்தியம் பத்தாண்டை நெருங்கும். தகடோ 25 ஆண்டு நிற்கும். ஒரே அமைப்பில் மூன்று விதமான ஆயுள் இருப்பதை நினைவில் வையுங்கள். சமூகசேவைத் திட்டங்கள் தடுக்கி விழும் இடம் இதுதான்.

இனிக் காற்று. ‘இவ்வளவு கடற்கரை இருக்கிறதே, காற்றாலை வைத்தால் என்ன?’ என்று யாராவது கேட்காத கூட்டமே இல்லை. காற்றின் ஆற்றல் அதன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். வேகம் இரட்டித்தால் ஆற்றல் எட்டு மடங்கு, மும்மடங்கானால் 27 மடங்கு. சிங்கப்பூரின் சராசரிக் காற்று நொடிக்கு 2 முதல் 2.5 மீட்டர். 2 மீட்டர் விட்டமுள்ள ஒரு சிறு காற்றாடியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வழியே 2.5 மீட்டர் வேகத்தில் செல்லும் காற்றில் மொத்தமாக இருப்பதே சுமார் 29 வாட். அதில் 30 விழுக்காட்டைப் பிடித்தால் 9 வாட், ஒரே ஒரு எல்.இ.டி. விளக்கு! உண்மையில் பெரும்பாலான காற்றாடிகள் அந்த வேகத்தில் அசையவே அசையா. அதே காற்றாடி 7.5 மீட்டர் காற்றில் 240 வாட் தரும். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் செமாகாவ் தீவில் சூரியசக்தி, காற்று, பேட்டரி, ஹைட்ரஜன் எல்லாவற்றையும் ஒன்றாக இணைத்துப் பார்க்கும் ஆய்வுக்களத்தை 2014இல் அறிவித்து, எஞ்சி நிறுவனத்தோடு சேர்ந்து 2017 அக்டோபரில் மென்காற்றுக்கு ஏற்ற காற்றாலை ஒன்றையும் நிறுத்தியது. அதன் நோக்கம் சிங்கப்பூருக்கு மின்சாரம் தருவது மட்டுமல்ல, தென்கிழக்காசியத் தீவுகளுக்கு எது ஒத்துவரும் என்று கண்டறிவதும்தான்.

காற்று இருக்கும் இடத்துக்கு ஆலை போக வேண்டும். மேட்டுப்பாளையம் அருகே உள்ள ஓடந்துறை ஊராட்சி 2006இல் 1 கோடியே 55 இலட்சம் ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கியது. அதைத் தன் ஊரில் நடாமல் காற்றுவளம் மிக்க உடுமலைப்பேட்டைப் பக்கம் நட்டு, மின்சாரத்தை மாநிலக் கட்டமைப்பில் விட்டுக் கணக்கு நேர்செய்துகொண்டது. கட்டமைப்பு இருப்பவர்களுக்கு இந்த வழி உண்டு. தீவுக்கு இல்லை. தீவில் வீசும் காற்றைத்தான் தீவு பிடித்தாக வேண்டும்.

அப்படி வீசும் தமிழர் தீவுகள் யாழ்ப்பாணத்துக்கு மேற்கே இருக்கின்றன. குறிகட்டுவான் துறையிலிருந்து படகில் போகும் நெடுந்தீவு, நயினாதீவு, அவற்றுக்கு வடக்கே அனலைதீவு ஆகியவற்றில் மின்சாரம் என்றால் டீசல்தான் என்பதே நெடுங்கால நிலைமை. எரிபொருள் ஒவ்வொரு துளியும் படகில் வர வேண்டும். 2022இல் இலங்கையே டீசலுக்காக வரிசையில் நின்றபோது, அந்த வரிசையின் கடைசியில் நிற்பவர் தீவுக்காரர் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் அங்கு சிங்கப்பூரில் இல்லாத செல்வம் ஒன்றுண்டு: சோளகக் காற்று. மே முதல் செப்டம்பர்வரை இரவிலும் விடாமல் வீசும். பகலில் வெயில், இரவில் காற்று என்று இரண்டும் தோள்மாற்றினால் பேட்டரி சிறிதாகும். பேட்டரி சிறிதானால் செலவு குறையும். மாரிமழையில் வெயில் குன்றும் நாள்களுக்காக டீசலைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம்.

இந்த மூன்று தீவுகளுக்கான திட்டம் 2021 சனவரியில் ஒரு சீன நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது. இராமேசுவரத்துக்கு இவ்வளவு அருகிலா என்று இந்தியா கவலை தெரிவிக்க, அவ்வாண்டு இறுதியில் அது நின்றுபோனது. 2022 மார்ச்சில் இந்தியா தன் மானியத்தில் செய்துதர உடன்பாடு கண்டு, 2024 மார்ச்சில் பெங்களூரு நிறுவனம் ஒன்றுடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. மானியம் 1 கோடியே 10 இலட்சம் அமெரிக்க டாலர். மூன்று தீவுகளுக்கும் சேர்த்து 1,700 கிலோவாட் சூரியசக்தி, 530 கிலோவாட் காற்று, 2,400 யூனிட் பேட்டரி, துணைக்கு 2,500 கிலோவாட் டீசல் என்பது திட்ட அளவு. நாடுகள் கைமாற்றிக்கொண்ட அந்த மூன்றாண்டும் தீவுகளில் டீசல் எரிந்துகொண்டுதான் இருந்தது. இந்த எண்களைப் பொறியியல் மாணவர்கள் ஊன்றிப் பார்க்க வேண்டும். டீசல் அளவு, சூரியசக்தியையும் காற்றையும் கூட்டினால் வரும் 2,230ஐவிடக் கூடுதல். இரண்டும் ஒருசேரக் கைவிடும் நாளிலும் விளக்கு எரிய வேண்டும் என்று நினைத்துப் போட்ட கணக்கு அது.

இனி விடுமுறையில் கிராமத்துக்குப் போகும் மாணவ நண்பர்களுக்கு. தகடு பொருத்தும் நாளில் படம் எடுத்துக்கொள்கிறோம், ஊர்மக்கள் கைதட்டுகிறார்கள். நான்காம் ஆண்டு பேட்டரி செத்தால் தகடு கூரைமேல் பளபளத்துக்கொண்டே இருக்கும், கீழே மண்ணெண்ணெய் விளக்கு எரியும். ஆகவே புறப்படும் முன்பே ஊரில் யார் பேட்டரியைப் பார்த்துக்கொள்வார், மாற்றுப் பேட்டரி எந்தச் சிற்றூர்க் கடையில் கிடைக்கும் என்று விசாரித்து வையுங்கள். அங்கே கிடைக்காத வகையை, எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், இங்கிருந்து தூக்கிக்கொண்டு போகாதீர்கள். கையேட்டை ஊரார் மொழியில், முடிந்தால் படமாக எழுதிக் கொடுங்கள். ஒவ்வொரு வீடும் முன்பு மண்ணெண்ணெய்க்கும் மெழுகுவத்திக்கும் மாதம் எவ்வளவு செலவழித்தது என்று கேட்டு, அதில் பாதியையாவது ஒரு பொதுக் கணக்கில் போட்டுவரச் சொல்லுங்கள். ஐந்தாம் ஆண்டு பேட்டரிக்கான பணம் அதில் இருக்கும்.