கட்டைப் பிரிக்காதே, தம்பி



உன் கடிதமும் படங்களும் கிடைத்தன. சந்தவாசலில் உன் தாத்தா வீட்டுப் பரணிலிருந்து இறக்கிய டிரங்குப் பெட்டியையும் அதற்குள் இருந்த காகிதக் கட்டுகளையும் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். 'முதல் இரண்டு கட்டையும் பிரித்து, பெயர் வாரியாக ஆளுக்கு ஒரு ஃபைல் போட்டுவிட்டேன் ஐயா' என்று எழுதியிருக்கிறாய். ராத்திரி கண்விழித்துச் செய்த வேலை என்று தெரிகிறது. இருந்தாலும் சொல்கிறேன், மிச்சமிருக்கும் கட்டுகளை அவிழ்க்காதே.

நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் அதே தவறைச் செய்தேன். நான்கு அண்ணன் தம்பிகள் இருந்த ஒரு வீடு. நான்கு மஞ்சள் துணிப்பைகளில் காகிதம் இருந்தது. எல்லாவற்றையும் கூடத்தில் கொட்டி, பத்திரம் ஒரு பக்கம், தீர்வை ரசீது ஒரு பக்கம், கடிதம் ஒரு பக்கம் என்று அழகாக அடுக்கினேன். ஒரு வாரம் கழித்து ஒரு ஒத்திச் சீட்டு கண்ணில் பட்டது. கொடுத்தவர் பெயர் இருந்தது, வாங்கியவர் பெயர் இருந்த ஓரம் கரையான் தின்றிருந்தது. அது எந்தப் பையில் இருந்தது என்று தெரிந்தாலே, நான்கு பேரில் யார் அந்த நிலத்தை ஒத்திக்கு வாங்கினார் என்று சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியவில்லை. தெரிந்த ஒரே ஆள், அந்த வீட்டுப் பெரியவர், அடுத்த தை மாதமே போய்விட்டார். காகிதம் பத்திரமாகத்தான் இருக்கிறது. அது வந்த வழியை அழித்தவன் நான்.

அதனால் உனக்கு நான் சொல்லும் முறை ஒன்றுதான். கட்டு எப்படி இருக்கிறதோ அப்படியே வெளியிலிருந்து ஒரு படம் எடு. கட்டுக்கு ஒரு எண் கொடு. பிறகு மேலிருந்து கீழாக ஒவ்வொரு தாளுக்கும் பின்பக்க ஓரத்தில் மெல்லிய பென்சிலால் 1/1, 1/2 என்று எழுது. பேனா கூடாது, மை ஊறும். ஒரு நீள நோட்டில் அந்த எண், அது என்ன காகிதம், யார் கொடுத்தார், எந்த வீட்டில் எந்த இடத்தில் இருந்தது, என்றைக்குக் கைக்கு வந்தது, இவ்வளவும் எழுது. பெயர் வாரியாகத் தேட வேண்டுமா? அதற்கு நோட்டின் கடைசியில் ஒரு அட்டவணை போதும். தாள் நகரக் கூடாது, அட்டவணைதான் நகர வேண்டும்.

பெயர் வாரியாகப் பிரிப்பது நம் ஊரில் உருப்படாது என்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. பேரன் என்ற சொல்லே தாத்தாவின் பெயரைக் கொண்டவன் என்பதிலிருந்து வந்தது. கோவிந்தசாமி மகன் முனுசாமி, முனுசாமி மகன் கோவிந்தசாமி, அவன் மகன் மறுபடி முனுசாமி. நீ 'கோ. முனுசாமி' என்று போட்ட ஃபைலில் குறைந்தது இரண்டு பேர் இருக்கிறார்கள், படத்திலேயே தெரிகிறது. ஒருவர் கைநாட்டு வைக்கிறார், மற்றவர் கையெழுத்துப் போடுகிறார். ஆளைப் பெயரால் அடையாளம் வைக்காமல், தலைமுறை எண்ணும் வரிசை எண்ணும் சேர்த்து வை. மூன்றாம் தலைமுறையில் இரண்டாவது பிள்ளை என்றால் 3-2. அதோடு நிலத்தையும் பிடித்துக்கொள். 'கிணத்துமேட்டு நிலம்', 'புளியமரத்துக் கொல்லை' என்ற பெயர் ஆளைவிட நீண்ட நாள் வாழும். சர்வே எண் மாறியிருக்கும், 1979 முதல் 1987 வரை யூ.டி.ஆர். என்ற பெயரில் நிலப் பதிவேட்டைப் புதுப்பித்த வேலையில் பட்டாப் பெயர்கள் பல இடங்களில் தப்பாக ஏறியிருக்கும், நான்கெல்லை மட்டும் ஏறக்குறைய அப்படியே நிற்கும்.

இப்போது உன் ஏழாவது படத்துக்கு வருகிறேன். 'துன்முகி வருஷம் ஆனி மாதம்' என்று தொடங்கும் கிரயப் பத்திரம். நீ 1956 என்று குறித்திருக்கிறாய். துன்முகி 60 வருஷத்துக்கு ஒருமுறை வரும்: 1896, 1956, 2016. விலையை ரூபாய் அணாவில் எழுதியிருப்பதை வைத்து முடிவு செய்ய முடியாது. நயா பைசா 1957 ஏப்ரலில்தான் வந்தது, அதனால் இரண்டு துன்முகியிலும் அணாதான். நீ பார்க்க வேண்டியது தாளின் உச்சியை. அசோகர் சிங்கம் இருந்தால் 1956. உன் படத்தில் இருப்பது ஒரு பெண்ணின் தலை, விக்டோரியா மகாராணி. அடுத்து எழுத்தைப் பார், புள்ளியே இல்லை, சொல்லுக்குச் சொல் இடைவெளியும் இல்லை. தம்பி, அது 1896. நீ உன் தாத்தாவின் அப்பா வாங்கியது என்று நினைத்த நிலத்தை வாங்கியவர் அவருக்கும் இரண்டு தலைமுறை முந்தியவர். ஒரு முத்திரையைப் பார்க்காமல் விட்டதால் 60 வருஷம் காணாமல் போயிருக்கும். அடங்கல் என்ற கிராமப் பயிர்க் கணக்கில் வரும் பசலி ஆண்டு இதைவிட எளிது. 590ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும், ஜூலையில் தொடங்கும். பசலி 1400 என்றால் 1990 ஜூலை முதல் 1991 ஜூன் வரை. நோட்டில் காகிதத்தில் உள்ள தேதியை உள்ளபடி எழுதி, நீ கணக்குப் போட்ட தேதியை அடுத்த பத்தியில் எழுது. இரண்டையும் கலக்காதே.

ஊரும் இப்படித்தான். சந்தவாசல் இருந்த இடத்தில்தான் இருக்கிறது, அதற்கு மேலே இருந்த ஜில்லாதான் மாறிக்கொண்டே வந்தது. வட ஆற்காட்டுக்கு 1911 வரை தலைநகர் சித்தூர், பிறகு வேலூர். 1989இல் மாவட்டம் இரண்டாகி, நாம் திருவண்ணாமலைப் பக்கம் வந்தோம். கிராமக் கர்ணம், முன்சீப் பதவிகள் 1980 நவம்பரில் ஒழிந்தன. அதனால் ஒரு பழைய கணக்கைத் தேடும்போது இன்றைய அலுவலகத்தில் இல்லை என்றால் இல்லவே இல்லை என்று எழுதிவிடாதே. எந்த அலுவலகத்தில், என்றைக்குக் கேட்டோம், என்ன பதில் வந்தது என்று எழுதி வை. கிடைக்காததும் ஒரு பதிவுதான். எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. போகும்போது பழைய ஜில்லா, பழைய தாலுகாப் பெயரோடு போ.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் கடல் தாண்டிப் போனவர்கள். 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து கிளம்பிய ட்ரூரோ கப்பல் நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் போய்ச் சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை நத்தால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் 1,52,184 பேர். அவர்களில் வட ஆற்காட்டுக்காரர்கள் ஏராளம். அந்தக் கப்பல் பட்டியல்களில் ஒவ்வொருவருக்கும் ஒரு எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உடம்பில் உள்ள தழும்பு வரை எழுதியிருக்கிறார்கள். மனிதனைச் சரக்குபோல எண்ணிய பட்டியல் அது, படிக்கும்போது வயிறு எரியும். ஆனால் இன்று டர்பனில் இருக்கும் நான்காம் தலைமுறைப் பேத்தி தன் ஊரைக் கண்டுபிடிக்க அந்த எண்ணைத் தவிர வேறு பிடி இல்லை. முனுசாமி அங்கே மூன்சாமி ஆகிவிட்டார். ஊர்ப் பெயரைக் காதில் விழுந்தபடி குமாஸ்தா எழுதினார். அந்தப் பேத்தி கேட்பது 'வட ஆற்காடு, போளூர் தாலுகா' என்று, நம் பிள்ளைகளுக்கோ வட ஆற்காடு என்றால் என்னவென்றே தெரிவதில்லை. அந்த முனையில் காகிதம் இருக்கிறது. இந்த முனையில், 'எங்க தாத்தாவோட தம்பி ஒருத்தர் கப்பல் ஏறிப் போனாராம், திரும்பலை' என்று ஒரு வாய்ச்சொல் இருக்கிறது. உன் நோட்டில் அந்த வாய்ச்சொல்லுக்கும் ஒரு எண் வேண்டும், சொன்னவர் பெயர், சொன்ன நாளோடு.

இப்படிப் பதிந்து வைப்பதெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த பழக்கம் என்று நினைக்காதே. செங்கம் பக்கம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு, வாணகோ அரசரின் மருமகனுடைய சேவகன் கருந்தேவக்கத்தி, எருமைக் கூட்டத்தைக் காக்கும்போது பட்டான் என்று வெட்டியிருக்கிறார்கள். கூடவே நின்று கள்ளரைக் கடித்த நாயின் பெயரும் இருக்கிறது, கோவிவன். ஏறக்குறைய 1400 வருஷத்துக்கு முன்னால் எழுதியது. காலம், ஆள், யாருடைய ஆள், என்ன நடந்தது, கூட இருந்தது யார். நம் வீடுகளில் மாட்டியிருக்கும் எத்தனை படங்களுக்குப் பின்னால் இதில் பாதியாவது எழுதியிருக்கிறது? உன் பெட்டியில் உள்ள கல்யாணப் படத்தில் 11 பேர் நிற்கிறார்கள். அவர்கள் யார் யார் என்று உன் அத்தையிடம் இந்த மாதமே கேட்டு எழுது.

பெண்களைப் பற்றி உன் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. பட்டாவில் அவர்கள் இல்லை, அதனால் நீ போட்ட வம்சாவளி வரைபடத்திலும் இல்லை. நீ அவர்களைத் தேட வேண்டிய இடம் விடுதலைப் பத்திரம். மகளுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் சம உரிமை தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல்தான் வந்தது, அதற்கு முன்பே மணமானவர்களுக்கு அந்தத் திருத்தம் உதவவில்லை. அப்பா தனியாகச் சம்பாதித்த சொத்தில் இருந்த பங்கைக்கூட எனக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கும் பத்திரத்தில்தான் பல பாட்டிமார்களின் முழுப் பெயர், புருஷன் பெயர், வாழ்க்கைப்பட்ட ஊர், கட்டைவிரல் ரேகை எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும்.

அடுத்தது மொய் நோட்டு. உன் படங்களில் ஓரமாக, குப்பையோடு கிடப்பது அதுதான் என்று நினைக்கிறேன். மஞ்சள் தடவிய முதல் பக்கம், பிள்ளையார் சுழி, பிறகு வரிசையாக ஊர், பெயர், தொகை. தாய்மாமன் சீர் எந்த ஊரிலிருந்து வந்தது, பெண் கொடுத்த ஊர் எது, எடுத்த ஊர் எது, எந்தப் பங்காளி அந்த வருஷம் சண்டையில் இருந்ததால் வரவில்லை, எல்லாம் அதில் இருக்கிறது. எந்த சர்க்கார் பதிவேட்டிலும் இவ்வளவு உறவு கிடையாது. எனக்குத் தெரிந்து ஒரு குடும்பத்தின் மலையடிவாரத்துச் சொந்தம் முழுவதும் 2 ரூபாய், 5 ரூபாய் மொய்களிலிருந்துதான் வெளியே வந்தது. அது கிடந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, குப்பையிலிருந்து எடுத்துத் தனியாக வை.

காகிதத்தை லேமினேஷன் செய்யாதே. அந்தச் சூடும் பிளாஸ்டிக்கும் ஒட்டினால் திரும்பப் பிரிக்க முடியாது. செலோடேப் வேண்டாம், குண்டூசியைக் கழற்று, துரு தாளைத் தின்னும். படம் எடுத்தால் வாட்ஸப்பில் படமாக அனுப்பாமல் ஃபைலாக அனுப்பு. ஒரு நகல் உன்னிடம், ஒன்று வேறு ஊரில் இருக்கும் சொந்தக்காரரிடம்.

கடைசியாக, மற்றவர் வீட்டுப் பத்திரத்தை ஒருபோதும் கையோடு எடுத்து வராதே. திண்ணையிலேயே உட்கார்ந்து படம் எடுத்துவிட்டு, எண்ணிக் கொடுத்துவிட்டு வா. பாகம் பிரிக்காத வீட்டில் ஒரு தாள் ஒரு ராத்திரி வெளியே போனாலும் சந்தேகம் வரும். இரண்டாம் தாரம், தத்து, வீட்டை விட்டுப் போனவர்கள் பற்றியெல்லாம் சொல்வார்கள். எழுதிக்கொள். உயிரோடு இருப்பவர்களைப் பற்றியதை அவர்கள் சம்மதம் இல்லாமல் யாருக்கும் காட்டாதே.

பிரித்த இரண்டு கட்டுக்கும் இன்றைக்கே உட்கார்ந்து, எது எதன் மேல் இருந்தது என்று நினைவில் உள்ளவரை எழுது. ஞாயிற்றுக்கிழமை அந்த மொய் நோட்டை எடுத்துக்கொண்டு படவேட்டுப் பெரியம்மா வீட்டுக்குப் போ. அதில் உள்ள பெயர்களை முகத்தோடு சொல்லக்கூடியவர் உங்கள் குடும்பத்தில் அவர் ஒருவர்தான் மிச்சம். அவருக்கு 87 வயது ஆகிறது.