குடவோலை: சரித்திர பாடத்தைச் செய்து காட்டும் வகை

சரித்திரம் என்றாலே அரசர் பெயர்களும் யுத்தம் நடந்த வருஷங்களுமே என்று மாணாக்கர் எண்ணிவிடுகின்றனர். நெட்டுருச் செய்தது பரீட்சைக்கு மறுநாளே மறந்து போகிறது. கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஊராட்சி இன்னதென்று விளக்க உத்தரமேரூர்ச் சாஸனத்தினும் ஏற்ற பாடம் கிடைப்பதரிது. இதில் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கும் ஒரு வேலை உண்டு.

காஞ்சீபுரத்தை அடுத்த உத்தரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரிலே முதற் பராந்தக சோழன் காலத்துச் சாஸனங்கள் இரண்டு உள்ளன. கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட அவை, ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு ஆள் தெரிந்தெடுக்கும் விதிகளைக் கூறுவன.

பிந்திய சாஸனத்தின்படி ஊர் 30 குடும்புகளாகப் பிரிந்திருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயர்களைத் தனித்தனி ஓலையில் எழுதி, கட்டாகக் கட்டிக் குடத்தில் இட்டனர். சிறியோரும் பெரியோரும் கூடிய சபையில், மூத்த நம்பி ஒருவர் குடத்தை எல்லாரும் காணத் தூக்கி நின்றார். உள்ளிருப்பது அறியாத பாலகன் ஒரு கட்டை எடுக்க, அதனை வேறு குடத்திலிட்டுக் குலுக்கி, அவனையே ஓர் ஓலை எடுக்கச் செய்தனர். மத்தியஸ்தன் அதை ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் ஏற்று உரக்க வாசித்தான்.

வகுப்பிலே இதனை அப்படியே நடத்துக. ஐந்து குடும்புகள் போதும். மண்குடம் ஒன்று வேண்டும். பனையோலை நறுக்குக் கிடைக்குமாயின் உத்தமம். ஓலை எடுக்க முதல் வகுப்புக் குழந்தையை அழைத்து வருக. "விரலை ஏன் விரித்தான்?" என்று வினவுக. கையில் வேறோர் ஓலையை மறைத்து வைத்திராதபடிக்கே என்பதைப் பிள்ளைகள் தாமே சொல்லும்வரை உபாத்தியாயர் பொறுத்திருத்தல் வேண்டும். முந்திக்கொண்டு விடை கூறினால் பாடம் கெட்டது.

அடுத்தது தகுதி. கால் வேலிக்கு மேற்பட்ட இறை நிலம், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வரை வயது, வேதக் கல்வி ஆகியவை வேண்டும். கல்வி மிக்கோர்க்கு நில அளவில் சிறிது தளர்வு உண்டு. பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு வேஷம் கொடுக்க: நிலக்காரர், குத்தகைக்காரர், குயவர், கூலியாள், பெண்மணி. தகுதியை ஒவ்வொன்றாகப் படிக்கப் படிக்க, நின்றவர் பலர் அமர நேரிடும். உத்தரமேரூர் பிராமணர்க்கு அளிக்கப்பட்ட பிரமதேய ஊர் என்பதையும் மறைக்கலாகாது. இதனை இக்காலக் குடியாட்சியோடு ஒன்றாக்கிப் பெருமை பேசுவோர் உளர், அது பொருந்தாது. வயது வந்தோர் அனைவருக்கும் வாக்கு என்பது இந்நாட்டில் 1950-இல் அரசியலமைப்பு அமலுக்கு வந்து, 1951-52 பொதுத் தேர்தலிலேதான் நடைமுறைக்கு வந்தது. அமர்ந்துவிட்ட பிள்ளைகளை நோக்கி, "உங்களுக்கு நியாயமாகப் பட்டதா?" என்று கேட்க. அங்கே எழும் வாதமே சரித்திரப் படிப்பு.

எனினும் ஒரு விதி நமக்கும் உறைக்கத் தக்கது. முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் பெயர் குடத்தில் ஏறாது. அவருடைய தந்தை, மகன், உடன்பிறந்தான், மாமனார், மருமகன் முதலிய உறவினர் பெயரும் ஏறாது. முந்தின 3 ஆண்டுகளில் வாரியம் செய்தவரும் விலக்கப்பட்டனர்.

இவ்விடத்தே சங்கத்தார் வருதல் வேண்டும். இம்மாகாணத்தில் முதற் கூட்டுறவுக் கடன் சங்கம் 1904-இல் திரூரில் ஏற்பட்டது என்பதைச் சொல்லி, தம் சங்கத்தின் துணைவிதிகளையும் கணக்குப் புத்தகத்தையும் பிள்ளைகள் முன் விரித்து வைக்க. யார் நிர்வாகத்திற்கு வரலாகாது என்ற பகுதியை ஒரு மாணவி வாசிக்கட்டும். "சென்ற வருஷக் கணக்கு மகாசபையில் படிக்கப்பட்டதா?" என்ற கேள்வி நிச்சயம் எழும். விடை கூற இயலாத சங்கம், பிள்ளைகளை வரவழைக்குமுன் கணக்கை முடித்துக்கொள்வது நலம்.

தெரிந்தெடுத்த 30 பேரில் 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். மறுநாள் பிள்ளைகளை ஏரிக்கரைக்கு அழைத்துச் சென்று மதகையும் கலங்கலையும் காட்டி, அந்த 6 பேர் பார்த்த வேலையை இன்று தம் ஊரில் யார் பார்க்கின்றனர் என்று விசாரித்து எழுதி வரச் செய்க.