காரமா, வெங்காயமா?

கேள்வி: வயிற்று உப்புசம், நெஞ்செரிச்சல், அடிக்கடி வயிற்றுப்போக்கு. காரைக்குடிச் சமையலையே விட்டுவிட வேண்டுமா?

பதில்: வேண்டாம். மிளகாய் சிலருக்கு நெஞ்செரிச்சல் தரும், உண்மைதான். ஆனால் உப்புசத்துக்குச் சின்ன வெங்காயத்தையும் பூண்டையும்தான் முதலில் சந்தேகிப்பேன். அவற்றிலுள்ள ஃபிரக்டான் என்ற மாவுச்சத்து சிறுகுடலில் செரிக்காது. பாக்டீரியா அதைப் புளிக்கவைத்து வாயுவாக்கும். மெல்பர்னின் மோனாஷ் பல்கலைக்கழகத்தார் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய மாவுச்சத்துகளைக் குறைத்தபோது 30 குடல் எரிச்சல் நோயாளிகளில் பெரும்பாலோருக்குத் தொல்லை தணிந்தது. தாத்தா காலத்தில் தின்றார்களே என்பீர்கள். ஃபிரக்டான் எவருக்குமே செரிப்பதில்லை. கூச்சம் மிகுந்த குடலுக்குத்தான் அந்த வாயு வலியாகிறது. ஃபிரக்டான் எண்ணெயில் கரையாது என்பது நமக்கு நல்ல சேதி: பூண்டை நல்லெண்ணெயில் வதக்கி எடுத்துவிட்டால் மணம் மிஞ்சும். முதலில் வெங்காயத்தையும் பூண்டையும் நிறுத்துங்கள்; 6 வாரத்துக்குள் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பாருங்கள். எடை குறைந்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ உடனே மருத்துவரிடம் போங்கள்.