பதினாறு ஊர், ஒரே பேண்ட்: கூட்டத்தைக் கேட்பது எப்படி?

லைவ் ஆல்பம் போட்டா நாம கிட்டாரைக் கேட்போம், டிரம்ஸைக் கேட்போம். கூட்டத்தோட சத்தம் வந்தா மட்டும் "பாட்டு எப்போ ஆரம்பிக்கும்"னு தள்ளி விட்டுடுவோம். இந்தப் பாடத்துல அந்தச் சத்தத்தை மட்டும் கேட்கப் போறோம்.

அதுக்குச் சரியான ஆல்பம், இங்கிலாந்தின் அயர்ன் மெய்டன் பேண்ட் 2009-ல் வெளியிட்ட 'ஃபிளைட் 666'. 2008 பிப்ரவரி 1 அன்று மும்பை பாந்த்ரா-குர்லா காம்ப்ளெக்ஸில் ஆரம்பிச்ச பயணம், 45 நாள் கழிச்சு டொராண்டோவில் முடிஞ்சது. பேண்டின் பாடகர் புரூஸ் டிக்கின்சனே போயிங் 757 விமானத்தை ஓட்டிக்கிட்டு ஊர் ஊரா போனார். ஆல்பத்தில் இருக்கும் 16 பாட்டும் 16 வேற வேற ஊர்ல பதிவானவை. முதல் பாட்டு 'ஏசஸ் ஹை', நம்ம மும்பை. அப்புறம் மெல்போர்ன், சிட்னி, டோக்கியோ என்று போகும்.

லேப்ல என்ன சொல்லித் தர்றாங்க? ஒன்றை மட்டும் மாற்று, மற்றதை மாற்றாதே. இங்கே அதே ஆறு பேர், அதே டூர். மாறுவது மைதானமும் கூட்டமும். பாட்டும் மாறுதே என்று கேட்டா, உண்மைதான், முழுமையான சோதனை இல்லை. ஆனா கூட்டத்தை ஒப்பிட்டுக் கேட்க இவ்வளவு நல்ல வாய்ப்பு வேற ஆல்பங்களில் அதிகம் கிடைக்காது.

மைக் எங்கே இருக்கு?

பாடகரின் மைக் வாயிலிருந்து சுமார் 5 செ.மீ. தூரத்தில். கத்தும் ரசிகன் 50 மீட்டர் தூரத்தில். தூரம் 1000 மடங்கு என்றால், அதே அளவு சத்தமா கத்தினாலும் ரசிகனின் குரல் 60 டெசிபல் குறைஞ்சுதான் அந்த மைக்கை அடையும். அதனாலதான் லைவ் பதிவுக்குக் கூட்டத்தைப் பார்த்துத் தனி மைக்குகள் வைப்பாங்க. அவை தனி டிராக்கில் பதிவாகும். அதை ஏற்றுவதும் இறக்குவதும் மிக்ஸிங் பண்றவர் கையில். கிஸ் பேண்டின் 1975 'அலைவ்!' ஆல்பம் பின்னாடி ஸ்டூடியோவில் திருத்தப்பட்டதுன்னு அவங்களே ஒத்துக்கிட்டாங்க. அதனால சத்தத்தின் அளவை வைத்து மட்டும் கூட்டத்தை எடை போடாதீங்க.

கூட்டம் ஏன் தாளம் தவறுது?

வடக்குத்து பக்கம் கோயில் திருவிழாவில் ரெண்டு கூம்பு ஸ்பீக்கருக்கு நடுவில் நடந்து பாருங்க. ஒன்று பக்கத்திலும் இன்னொன்று தூரத்திலும் இருந்தா, ஒரே வரி ரெண்டு தடவை காதில் விழும். நம்ம ஊர் வெயிலில் ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். மேடையிலிருந்து 70 மீட்டர் தள்ளி நிற்பவருக்குப் பாட்டு 0.2 நொடி தாமதம். அவர் தட்டும் கைத்தட்டல் மேடைக்குத் திரும்ப இன்னும் 0.2 நொடி. மொத்தம் 0.4 நொடி. நிமிடத்துக்கு 120 தாளம் உள்ள பாட்டில் ஒரு தாளத்துக்கே 0.5 நொடிதான். கடைசி வரிசை கிட்டத்தட்ட ஒரு தாளம் பின்னாடி! முன்வரிசைக்கு இவ்வளவு தாமதம் கிடையாது. அதனால வேகமான கைத்தட்டல் பதிவில் கலங்கிப் போகும். இழுத்துப் பாடும் ராகம் மட்டும் தெளிவா நிற்கும். பியூனஸ் ஐரிஸில் பதிவான 'ஃபியர் ஆஃப் த டார்க்' கேளுங்க. வார்த்தையே இல்லாத கிட்டார் மெட்டைக் கூட்டம் பாடும்.

ஆள் கூடினா சத்தம் கூடுமா?

கூடும், ஆனா கொஞ்சம்தான். ஆள் இரண்டு மடங்கானா 3 டெசிபல், பத்து மடங்கானா 10 டெசிபல். சும்மா கத்தினா அந்த ஆற்றல் எல்லா அதிர்வெண்ணிலும் சிதறும். ஒரே சுருதியில் பாடினா சில அதிர்வெண்களில் குவியும். அப்போ இரைச்சலைத் தாண்டி அது காதுக்குக் கேட்கும். ஆயிரம் பேர் சேர்ந்து பாடுறது, பத்தாயிரம் பேர் ஆளுக்கொரு பக்கம் கத்துறதைவிடத் தெளிவா பதிவாகலாம்.

இப்போ மும்பைக்குத் திரும்புவோம். அயர்ன் மெய்டன் இந்தியாவில் முதல்முறை வாசிச்சது 2007 மார்ச் 17, பெங்களூரு பேலஸ் கிரவுண்ட்ஸில். பேண்ட் ஆரம்பிச்சது 1975-ல். அதாவது 30 வருஷத்துக்கும் மேல நம்ம ஊர் ரசிகர்கள் வேற ஊர்க் கூட்டத்தோட சத்தத்தைத்தான் கேசட்டில் கேட்டாங்க. அடுத்த வருஷமே உலக டூர் மும்பையில் ஆரம்பிச்சது. ஆல்பத்தைத் திறந்தா முதல் பாட்டிலேயே நம்ம ஆட்கள் குரல். அட்டையில் அவங்க பேர் கிடையாது. ஆனா உலகத்தில் யார் இந்த ஆல்பத்தைப் போட்டாலும் அவங்க இல்லாம முதல் பாட்டு ஓடாது.

நம்ம கல்சுரல்ஸுக்கு என்ன பாடம்?

நிகழ்ச்சி வீடியோக்களில் மிக்ஸரிலிருந்து நேரா எடுத்த ஆடியோ காலி ஹாலில் பாடின மாதிரி இருக்கும். அடுத்த தடவை மேடையின் ரெண்டு ஓரத்திலும் கூட்டத்தைப் பார்த்து ஒவ்வொரு மைக் வையுங்க, தனி டிராக்கில் எடுங்க. மைக்கை அரங்கத்தின் பின்பக்கம் வச்சா, ஒவ்வொரு 35 மீட்டருக்கும் 0.1 நொடி அந்த டிராக்கை முன்னாடி நகர்த்துங்க. ஆடாசிட்டி போதும், காசு வேண்டாம்.

கூட்டத்தில் நிற்கிறவங்களுக்கும் ஒரு வேலை இருக்கு. ரெண்டு கையும் போனைத் தூக்கிப் பிடிச்சா யார் கைதட்டுறது? ஒரு பாட்டுக்காவது போனைப் பாக்கெட்ல போட்டுட்டுச் சேர்ந்து பாடுங்க.

வீட்டுப் பாடம்: இன்னைக்கு ராத்திரி ஹெட்போன் போட்டு மும்பையையும் பியூனஸ் ஐரிஸையும் அடுத்தடுத்து கேளுங்க. எங்கே கத்துறாங்க, எங்கே பாடுறாங்கன்னு நேரத்தோட குறிச்சு வையுங்க. அடுத்த இதழுக்கு உங்க பட்டியலை அனுப்புங்க, ஒப்பிட்டுப் பார்ப்போம்.