ஒளியின் தாமதம்

மதுரையிலிருந்து கொடைக்கானலுக்கு இரு பேருந்துகள் ஒரே நேரத்தில் புறப்படுகின்றன. வத்தலக்குண்டு வழியே செல்வது முன்னே சேரும். பழனியைச் சுற்றிச் செல்வது பின்னே சேரும். புறப்பட்ட நேரம் அறியாதவரும் இடைப்பட்ட காலத்தை அளந்துவிடலாம். வானிலும் இத்தகைய இருவழிப் பயணம் உண்டு.

தொலைதூரக் குவாசர் ஒன்றின் ஒளி, இடையிலுள்ள விண்மீன் திரளின் ஈர்ப்பால் வளைந்து, இரு வழிகளில் புவியை அடைகிறது. ஆகவே, ஒரே குவாசர் இரண்டாகத் தோன்றுகிறது. அதன் ஒளி கூடியும் குறைந்தும் வருவது. ஒரு பிம்பத்தில் கண்ட ஏற்ற இறக்கம் மற்றதில் பல நாள் கழித்துத் தோன்றும். இத்தாமதத்தோடு இடைத்திரளின் நிறைப்பரவலும் தெரிந்தால் அண்டம் விரியும் வேகத்தைக் கணக்கிடலாம். இதனை 1964இல் எடுத்துரைத்தவர் நார்வே அறிஞர் ரெஃப்ஸ்டால். அத்தகைய இரட்டைப் பிம்பம் முதன்முதலில் கண்டறியப்பட்டது 1979இல்தான். அதன் தாமதம் ஏறத்தாழ 417 நாள்.

கொடைக்கானலில் 1899இல் நிறுவப்பட்ட கதிரவ ஆய்வகம் இன்று இந்திய வானியற்பியல் நிறுவனத்தைச் சார்ந்தது. அந்நிறுவனம் லடாக்கின் ஹான்லேயில் அமைத்த 2 மீட்டர் தொலைநோக்கியும் வெளிநாட்டுத் தொலைநோக்கிகளும் சேர்ந்து, மற்றொரு குவாசரின் இரு பிம்பங்களை ஆறாண்டுகளுக்கு மேல் நோக்கின. 2013இல் வெளிவந்த முடிவு: தாமதம் ஏறத்தாழ 119 நாள்.

ஆறாண்டுகள் ஏன்? ஓர் ஏற்றம் மட்டும் பொருந்துவது தற்செயலாகலாம்; மேகம் மறைத்த இரவுகள் பொய்ப்பொருத்தம் காட்டலாம். பல ஏற்ற இறக்கங்கள் ஒருங்கே பொருந்தினால்தான் உண்மை உறுதியாகும். வெவ்வேறு முறைகளில் அளந்த அண்ட விரிவு வேகங்கள் இன்றும் முரண்படுகின்றன. அவ்வழக்கில் பொறுமையாக எண்ணிய இந்நாள்களும் ஒரு சான்று.